பாலக்காட்டுக் கணவாயில் கூட்டுச் சேனைகள்

ஒரு யுத்தத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "யாருக்கும் யாருக்கும் நடந்த யுத்தம்?" என்பதே நாம் முதலில் கேட்கும் கேள்வி. பதிலும் இரண்டு பெயர்களில் அடங்கிவிடுகிறது. மைசூர் யுத்தம் என்றால், ஒரு பக்கம் ஆங்கிலக் கும்பெனி, மறு பக்கம் ஹைதர் அலியும் அவர் குமாரர் திப்பு சுல்தானும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்தப் பக்கங்களில் யார் யார் நின்றார்கள், எந்த மொழி பேசினார்கள், யாரிடம் சம்பளம் வாங்கினார்கள், யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள் என்று கேட்கத் தொடங்கினால், அந்த இரண்டு பெயர்களும் போதாமல் போகின்றன. பல தேசத்தாரும் பல இனத்தாரும் அடங்கிய சேனைகள் எதிரெதிரே அணிவகுத்த யுத்தம் அது. அதற்குப் பாலக்காட்டுக் கணவாயைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியாகவும் தெற்கே ஆனைமலையாகவும் உயர்ந்து நிற்க, நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லாத ஒரு வழி திறந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாக ரயிலில் போகிறவர்கள், மலைநாட்டுக்குள் நுழைந்த உணர்வே இல்லாமல் கேரளத்துக்குள் புகுந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். கணவாய்க்குத் தெற்கிலோ நிலைமை வேறு. ஆனைமலையும் ஏலமலையும் இன்றைய இடுக்கி மாவட்டத்தை நிறைத்து நிற்கின்றன. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அங்கேதான் இருக்கிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் வழிகள் உண்டு. வியாபாரியும் பொதிமாடும் ஏறக்கூடிய அந்த வழிகளில், முற்றுகைப் பீரங்கியை இழுத்துக்கொண்டு ஒரு பெருஞ்சேனை ஏற இயலாது. ஆகவே சோழமண்டலக் கரையையும் மலையாளக் கரையையும் இணைக்க விரும்பிய ஒவ்வொரு படைத்தலைவனுக்கும் பாலக்காடு ஒன்றே வாசல்.

அந்த வாசலை வெளியாருக்குத் திறந்துவிட்டவர் உள்ளூர் அரசரே. 1757ஆம் ஆண்டில், கோழிக்கோட்டுச் சாமூதிரியின் நெருக்குதலைத் தாங்க மாட்டாத பாலக்காட்டு அரசர், அப்போது திண்டுக்கல்லில் மைசூரின் பௌஜ்தாராக இருந்த ஹைதர் அலியின் துணையை நாடினார். துணைக்கு வந்த படை வழியைத் தெரிந்துகொண்டது. 1766இல் ஹைதர் மலையாள நாட்டின்மீது படையெடுத்துவந்தபோது, பாலக்காட்டில் இன்று நாம் காணும் கருங்கற்கோட்டையை எழுப்பினார். இரண்டே ஆண்டுகளில், 1768இல், கர்னல் வுட் என்பவரின் தலைமையில் வந்த கும்பெனிப் படை அதைப் பிடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அதை மீட்டார். 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பிடித்தார். 1784இல் அது மைசூருக்குத் திரும்பிற்று. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்தார். அதன்பின் அது கும்பெனியிடமே நிலைத்தது. இருபத்துநான்கு ஆண்டுகளில் இத்தனை கைமாற்றம்!

கோட்டை கைமாறியது போலவே நட்பும் கைமாறிற்று. முதல் மைசூர் யுத்தம் 1767இல் தொடங்கியபோது ஹைதராபாத் நிஜாம் கும்பெனியின் பக்கம் இருந்தார்; யுத்தத்தின் நடுவிலேயே ஹைதரின் பக்கம் போனார்; 1768இல் மறுபடியும் கும்பெனியிடம் வந்து சேர்ந்தார். 1780இல் இரண்டாம் யுத்தம் மூண்டபோது ஹைதர், மராத்தியர், நிஜாம் ஆகிய மூவரும் கும்பெனிக்கு எதிராக ஒன்றுகூடினர். பத்தே ஆண்டுகள் கழித்து, மூன்றாம் யுத்தத்தில், அதே மராத்தியரும் நிஜாமும் கும்பெனியோடு சேர்ந்து திப்புவை எதிர்த்தனர். இவர்களுள் எவரையும் நிலையான நண்பர் என்றோ நிலையான பகைவர் என்றோ சொல்வதற்கில்லை.

இனி, சேனைகளின் உள்ளமைப்பைக் கவனிப்போம். மைசூர்ச் சேனையில் கன்னட நாட்டுக் காலாட்கள் இருந்தனர். தக்காணத்து முஸ்லிம் குதிரைவீரர் இருந்தனர். கொள்ளைக்கும் வேவுக்கும் பேர்போன இலகு குதிரைப்படை இருந்தது. லாலி என்பவரின் பெயரால் வழங்கிய ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்றும் இருந்தது. வந்தவாசியில் தோற்ற லாலி பிரபு இவர் அல்லர். அவர் வேறு, இவர் வேறு. திப்பு தம் காலாட்படையைக் கூசூன் என்னும் பிரிவுகளாக வகுத்தார். கூசூன், ரிசாலா, ஜௌக் என்று பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும் அந்த ஒழுங்கில், இரும்புக் குழாயில் மருந்து அடைத்த வாணங்களை எய்யும் வீரர்களும் இணைக்கப்பட்டிருந்தனர். பதூகுல் முஜாஹிதீன் என்ற படைநூலை எழுதுவித்து, அணிவகுப்புக் கட்டளைகளையெல்லாம் பாரசீக மொழியில் அமைக்கச் செய்தார். சேனையில் பல மொழியினர் இருந்தாலும் கட்டளை ஒரே மொழியில் இருக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எதிர்ப்பக்கமோ இன்னும் சிக்கலானது. 'ஆங்கிலேயர் படை' என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் பல படைகள். சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று ராஜதானிகளுக்கும் தனித்தனிச் சேனைகள் இருந்தன. கும்பெனியிடம் சம்பளம் வாங்கும் ஐரோப்பியர் வேறு, இங்கிலாந்து மன்னரின் படைப்பிரிவுகள் வேறு. இருவகை அதிகாரிகளுக்கும் இடையே மூப்புத் தகராறு ஓயாது. 1783இல் கடலூர் முற்றுகையில் ஜெர்மனியின் ஹானோவர் நாட்டுப் பட்டாளத்தாரும் கும்பெனிக்காகப் போரிட்டனர். எண்ணிக்கையில் மிகுந்திருந்தவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்களே. சென்னைச் சேனையில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்றனர். 1790இல் வங்காளச் சிப்பாய்கள் கடற்கரை ஓரமாகத் தரைவழியே நடந்து தெற்கே வந்து சேர்ந்தனர்.

இவர்களோடு திருவிதாங்கூர்ப் படை. அந்தப் படையைப் புதுமுறையில் பயிற்றியவர், 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரரிடமிருந்து சிறைபிடிக்கப்பட்ட தெலனாய் என்ற பிளெமிஷ் வீரர். பகைவராக வந்தவர் பிற்காலத்தில் அந்த ராஜ்யத்தின் பெருந்தளபதியாக உயர்ந்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். அவர் மேற்பார்வையில் எழுந்த நெடுங்கோட்டை என்னும் அரண்வரிசை, கொடுங்கல்லூர்ப் பக்கத்துக் கடற்பகுதியில் தொடங்கி ஆனைமலை அடிவாரம்வரை ஏறத்தாழ 30 மைல் நீண்டு கிடந்தது. எங்கே மனிதன் எழுப்பிய மண்மதில் முடிகிறதோ, அங்கே இடுக்கியின் மலைமதில் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்தே திருவிதாங்கூரைக் காத்தன.

மூன்றாம் மைசூர் யுத்தத்துக்குத் தீ மூட்டியது இந்த நெடுங்கோட்டையே. 1789இல் திருவிதாங்கூர் மன்னர் டச்சுக்காரரிடமிருந்து கொடுங்கல்லூர்க் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் விலைக்கு வாங்கினார். திப்பு அதை ஆட்சேபித்தார். அரண்வரிசையின் ஒரு பகுதி தமக்குக் கட்டுப்பட்ட கொச்சி அரசரின் நிலத்தில் இருக்கிறது என்பதும் அவர் வழக்கு. 1789 டிசம்பர் 29ஆம் தேதி அவர் நடத்திய தாக்குதல் முறியடிக்கப்பட்டது. 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையில் திருவிதாங்கூர் கும்பெனியின் நேசநாடு என்று எழுதப்பட்டிருந்தது. ஆயினும் எல்லைக்கு அருகில் இருந்த கும்பெனிப் பட்டாளங்கள் அன்று போரில் இறங்கவில்லை. ஏட்டிலுள்ள நட்பு களத்துக்கு வருவதற்குக் காலம் பிடித்தது. 1790 ஏப்ரலில் திப்பு மீண்டும் பீரங்கிகளோடு வந்து மதிலை உடைத்து, ஆலுவாய் வரையில் போனார். மழைக்காலமும் கும்பெனியின் படையெடுப்புச் செய்தியும் அவரைத் திரும்பச் செய்தன.

அதற்குள் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கூட்டணி ஒன்றை ஏற்படுத்திவிட்டார். பூனாவில் இருந்த கும்பெனியின் பிரதிநிதி மாலெட், 1790 ஜூன் 1ஆம் தேதி பேஷ்வாவின் சர்க்காரோடு உடன்படிக்கை செய்தார். ஹைதராபாதில் கென்னவே ஜூலை 4ஆம் தேதி நிஜாமோடு செய்தார். இந்த உடன்படிக்கைகளைக் கூர்ந்து படித்தால், ஒரு கூட்டுச் சேனை எப்படி அமைகிறது என்பது விளங்கும். வெல்லும் நிலத்தை மூவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் தனியாகச் சமாதானம் பேசக் கூடாது. கவர்னர் ஜெனரல் வேண்டினால் நேசநாட்டார் 10,000 குதிரைவீரரை அனுப்பவேண்டும். அவர்களுக்கான செலவு கும்பெனியைச் சேர்ந்தது. கும்பெனியின் சிப்பாய்ப் பட்டாளங்கள் சில, நேசநாட்டுச் சேனைகளோடு போய்ச் சேரவேண்டும். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் தருவது என்பதே இதன் உட்பொருள். கும்பெனியிடம் கட்டுப்பாடான காலாட்படையும் பீரங்கியும் இருந்தன, குதிரைப்படை குறைவு. மராத்தியரிடமும் நிஜாமிடமும் குதிரை மிகுதி. கோட்டையை உடைக்கும் பீரங்கித் திறமை குறைவு.

ஆனால் மூவருக்கும் பொதுவான ஒரு தளபதி இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் ஆசைக்குரிய கோட்டையை முற்றுகையிட்டனர். மராத்தியர் தார்வாரில் 1790 செப்டம்பர் முதல் 1791 ஏப்ரல் வரை நின்றனர். நிஜாமின் படை கொப்பளில் பல மாதம் நின்றது. கும்பெனிப் படை, ஜெனரல் மெடோஸின் கீழ் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, கரூர் வழியாக 1790 ஜூலையில் கோயம்புத்தூரை அடைந்தது. அங்கிருந்து பாலக்காட்டைப் பிடிக்கக் கர்னல் ஸ்டூவர்ட் அனுப்பப்பட்டார். கோயம்புத்தூரில் வெறும் காற்றாக வீசும் தென்மேற்குப் பருவம், கணவாய்க்குள் நுழைந்தால் பெருமழையாகக் கொட்டுகிறது. ஆறுகள் பெருகவே ஸ்டூவர்ட் திரும்பினார். திண்டுக்கல்லை முதலில் பிடித்துவிட்டு, மழை தணிந்தபின் செப்டம்பரில் பாலக்காட்டின்மேல் குண்டுவீசி அதைக் கைப்பற்றினார்.

இனி, பாலக்காடும் கோயம்புத்தூரும் சேர்ந்து நடித்த ஒரு பகுதியைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1791இல் பெருஞ்சேனைகள் மைசூர் மேட்டுநிலத்துக்குப் போய்விட்டன. கோயம்புத்தூர்க் கோட்டை பலவீனமானது என்று கருதி, கனத்த பீரங்கிகளையும் மருந்தையும் பாலக்காட்டுக்கு அனுப்பிவிட்டனர். பாலக்காட்டில் மேஜர் கப்பேஜ் இருந்தார். கோயம்புத்தூரில் லெப்டினெண்டு சால்மர்ஸ் என்ற இளம் அதிகாரி ஒருசிலரோடு விடப்பட்டார். அந்த ஒருசிலர் யார்? தொப்பாஸிகள் எனப்பட்ட போர்ச்சுகீசியக் கலப்பு வழியினர் சிலரும், திருவிதாங்கூர் மன்னரின் சிப்பாய்களும். அந்தத் திருவிதாங்கூர்ப் பிரிவுக்குத் தலைவர் தெ லா கோம்ப் என்ற பிரெஞ்சுக்காரர்! ஸ்ரீரங்கப்பட்டணத்தில் லாலியின் பிரிவைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர் திப்புவின் உப்பைத் தின்றுகொண்டிருந்த அதே காலத்தில், கொங்குநாட்டில் வேறொரு பிரெஞ்சுக்காரர் மலையாள மன்னரின் வீரர்களை நடத்திக்கொண்டு, ஆங்கிலேயருக்காக, திப்புவின் படையை எதிர்த்து நின்றார். பல தேசத்துச் சேனை என்பதன் பொருள் இதைவிடத் தெளிவாக விளங்குமா?

1791இல் மைசூர்ப் படை ஏணி சாத்தி மதிலேறிற்று. உள்ளே இருந்தவர்கள் அதை முறியடித்தனர். பாலக்காட்டிலிருந்து கப்பேஜ் துணைக்கு வந்து முற்றுகையை விலக்கினார். பின்னர் திப்புவின் தளபதி கமருதீன் கான் பெரும்படையோடு வந்தார். இம்முறை கப்பேஜ் வந்தபோது, கமருதீன் நேரே மோதாமல், அவர் பாலக்காட்டுக்குத் திரும்பும் வழியை மறிப்பவர்போல் நகர்ந்தார். கணவாய் பறிபோனால் எல்லாம் போகும் என்று அறிந்த கப்பேஜ் பின்வாங்கினார். கோயம்புத்தூர் நவம்பர் தொடக்கத்தில் பணிந்தது. வீரர்களைப் பாலக்காட்டுக்குப் போகவிடுவதாக உடன்பாடு; ஆனால் அவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1792 பிப்ரவரியில் சமாதானம் பேச விரும்பிய திப்பு, இந்தச் சால்மர்ஸையே விடுவித்துக் கார்ன்வாலிஸிடம் கடிதத்தோடு அனுப்பினார்.

யுத்தத்தை நடத்துவது வாள் மட்டுமன்று, வயிறும் மாடும்தான் என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். மைசூர்ச் சர்க்காரிடம் அம்ருத மகால் என்ற சிறந்த மாட்டுப்பண்ணை இருந்தது. அதனால் அவர்களுடைய பீரங்கி வேகமாக நகர்ந்தது. 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய் வெற்றி பெற்றும், மாடுகள் மாண்டுபோக, அரிசி தீர்ந்துபோக, முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. திரும்பும் வழியில் குதிரைப்படை ஒன்று எதிர்ப்பட்டது. பகைவர் என்று எண்ணிப் போருக்கு ஆயத்தமானார்கள். அருகே வந்தபின்னரே அவர்கள் நேசநாட்டு மராத்தியர் என்று தெரிந்தது. திப்புவின் இலகு குதிரைவீரர் தூதர்களையெல்லாம் வழியில் மடக்கிவிட்டதால், ஒரு நண்பரின் சேனை எங்கே இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியவில்லை. பரசுராம் பாவும் ஹரிபந்தும் நடத்திவந்த அந்த மராத்தியப் பாளையத்துக் கடைவீதியே பட்டினி கிடந்த கும்பெனிச் சேனைக்குச் சோறு அளித்தது. பின்னர் தானியப் பொதிகளோடு ஊர் ஊராகச் செல்லும் லம்பாடிகளைத் துணையாகக் கொண்டே கார்ன்வாலிஸ் மறுபடி புறப்பட்டார்.

நேசநாட்டார் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பினார்கள்? 1792 பிப்ரவரி 6ஆம் தேதி இரவு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வெளியரண்களைத் தாக்கியபோது, கார்ன்வாலிஸ் தம் படைகள் புறப்பட்ட பின்னரே மராத்தியருக்கும் நிஜாமின் தரப்பினருக்கும் செய்தி சொன்னார். இது அந்தக் காலத்துக்கு மட்டும் உரிய குறையன்று. முதல் உலக மகாயுத்தத்தில், ஒரே பகைவனோடு ஒரே களத்தில் நின்ற பிரிட்டனும் பிரான்சும், தமக்குப் பொதுவாக மார்ஷல் பாஷைத் தலைவராக ஏற்றது 1918ஆம் ஆண்டில்தான். யுத்தம் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஆனபின்! கூட்டாளிகளின் கடிதங்கள் பாரசீகத்திலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் போய்வந்த ஒரு யுத்தத்தில், துபாஷிகளும் முன்ஷிகளும் எத்தகைய பொறுப்பைச் சுமந்திருப்பார்கள் என்பதை மொழிபெயர்ப்பு அலுவலில் இருக்கும் நாம் எளிதில் ஊகிக்கலாம். ஒரு சொல் பிசகினால் ஒரு பட்டாளம் திசைமாறும்.

இந்த இடத்தில், இடுக்கி மலைப்பகுதியில் வழங்கும் ஒரு கதையை ஆராய்வது தகும். பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு என்று புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, திருவிதாங்கூரிலிருந்து பின்வாங்கும் திப்புவை மறிப்பதற்காக, வண்டிப்பெரியாற்றிலிருந்து போடிநாயக்கனூர் சென்று, மூணாற்று மலைகளைக் கடந்து, கோயம்புத்தூர்ச் சமவெளிக்குப் படையோடு இறங்கினார் என்பது கதை. மூணாற்றைப் பற்றிய நூல்களிலும் இது இடம்பெற்றிருக்கிறது. திப்பு பின்வாங்கியது 1790இல். வெல்லெஸ்லி இந்தியாவுக்கு வந்ததோ 1797இல். ஆகவே கதை காலக்கணக்குக்குப் பொருந்தவில்லை. பெரிய யுத்தத்தில் தம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கவேண்டும், அதுவும் ஒரு பெரிய மனிதரின் பெயரோடு இருக்கவேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. ஆனால் அந்த மலைகளின் உண்மையான பங்கு, சேனைகளைக் கடத்தியதில் இல்லை, தடுத்ததில்தான் இருக்கிறது. 1783இல் புல்லர்ட்டன் ஆனைமலை அடிவாரக் காட்டின் வழியே பாலக்காட்டுக்குப் போனபோது, ஓயாத மழையில் மரங்களை வெட்டிப் பாதை போட்டே பீரங்கிகளை நகர்த்தவேண்டி இருந்தது. அடிவாரமே இப்படி என்றால் மலையுச்சியைப் பற்றிச் சொல்லவேண்டுமா? அந்த மலைகளுக்குள், அஞ்சுநாட்டுத் தமிழ்க் கிராமங்கள் போன்ற குடியிருப்புகள் பெருஞ்சேனைகளின் காலடி படாமல் பிழைத்திருந்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

யுத்தம் 1792 மார்ச் 18ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்தது. திப்பு தம் ராஜ்யத்தில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்பி, இரண்டு குமாரர்களைப் பிணையாக அனுப்பினார். மூன்று கூட்டாளிகளும் பங்கிட்டுக்கொண்டனர். கும்பெனிக்கு மலபார், குடகு, திண்டுக்கல், பாரமகால் ஆகியவை கிடைத்தன. பாலக்காடு மலபாரோடு சேர்ந்துபோயிற்று. எந்த நாட்டின் மதில் தாக்கப்பட்டதால் யுத்தம் மூண்டதோ, அந்தத் திருவிதாங்கூரின் பெயர் பங்குப் பட்டியலில் இல்லை. 1795 உடன்படிக்கையின்படி அது கும்பெனிப் பட்டாளங்களின் செலவுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டும் நிலைக்கு வந்தது. மைசூரின் பிடியிலிருந்து விடுதலை என்ற வாக்கை நம்பிக் கும்பெனியோடு சேர்ந்த மலையாளச் சிற்றரசர்கள், கும்பெனிக்கு வரிதண்டிக் கொடுப்பவர்களாகிப் பின்னர் உதவிச்சம்பளக்காரர் ஆயினர். அதை ஏற்க மறுத்த பழசி ராஜா 1805இல் களத்தில் மாண்டார்.

கூட்டாளிகளின் நட்பும் நீடிக்கவில்லை. 1795இல் கர்தாவில் மராத்தியர் நிஜாமைத் தோற்கடித்தனர், கும்பெனி பார்த்துக்கொண்டிருந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தார். அந்த யுத்தத்தில் மராத்தியர் ஒதுங்கி நின்றனர். 1803இல் மராத்தியர்மீதே கும்பெனி படைதொடுத்தது. பொதுப் பகைவன் ஒருவனைக் கொண்டே கட்டப்பட்ட கூட்டு, பகைவன் மறைந்ததும் கட்டவிழ்ந்துபோயிற்று.

இந்த வரலாற்றை இன்று ஏன் நினைவுகூர வேண்டும் என்று கேட்கலாம். நம்மில் பலர் பிழைப்பின் நிமித்தம் வேறு மாநிலங்களில் வேறு மொழியாரிடையே வாழ்கிறோம். பழைய யுத்தங்களை ஒரு மொழியார் இன்னொரு மொழியார்மீது, ஒரு மதத்தார் இன்னொரு மதத்தார்மீது தொடுத்தவையாகச் சொல்லும் பேச்சை அங்கே நாம் கேட்க நேர்கிறது. "உங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்குச் செய்தது" என்று அந்தப் பேச்சு தொடங்கும். பாலக்காட்டுக் கணவாயின் வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை. அங்கே இரு பக்கமும் ஐரோப்பியர் இருந்தனர். இரு பக்கமும் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். ஒரு யுத்தத்தில் நண்பராய் இருந்தவர் மறு யுத்தத்தில் பகைவராய் இருந்தார். மன்னர்களின் கணக்கு நிலமும் வரியும். சிப்பாயின் கணக்கு மாதச் சம்பளம். உழவனின் கணக்கு, எந்தச் சேனை வந்தாலும் களத்து நெல்லும் கொட்டில் மாடும் மிஞ்சுமா என்பது. இந்த மூன்று கணக்குகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே யுத்தத்தின் வரலாற்றைச் சரியாகப் படித்தவர் ஆவார்.

கோட்டை இன்று தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அகழியில் நீர் நிற்கிறது. மதிலைச் சுற்றி மக்கள் மாலையில் உலவுகிறார்கள். பாலக்காட்டு வழியாகப் பயணம் செய்யும் நேயர்கள், வசதி வாய்த்தால் ஒரு பொழுது இறங்கி அதைப் பார்த்துவருவது நலம். பார்க்கும்போது ஹைதரையும் கார்ன்வாலிஸையும் மட்டும் நினைக்காமல், பெயர் தெரியாத திருவிதாங்கூர்ச் சிப்பாயையும், வங்காளத்திலிருந்து நடந்துவந்தவனையும், தானியப் பொதியோடு பின்தொடர்ந்த லம்பாடியையும் சேர்த்து நினைப்பது நம் கடமை.